தெருவிளக்கு எரியும் வரை

ஆல்டன் ஹைட்ஸ், ஒஹையோ
29 செப்டம்பர் 2002

அன்புள்ள கிளெம்,

நாங்கள் சுகம். என் வீட்டுக்காரன் வால்ட்டுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. அம்மா முதியோர் இல்லத்தில் நன்றாகச் சாப்பிடுகிறாள், அதைவிட நன்றாகச் சண்டை போடுகிறாள். உன் உடம்பு எப்படி? கலிஃபோர்னியா வெயிலில் தொப்பியாவது போடுகிறாயா?

வியாழக்கிழமை உன் தொடரின் முதல் பகுதியை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். இல்லத்துக் கூடத்தில் இருபது கிழவிகள். "எம் மகன் எழுதுனது, வாய மூடுங்கடி" என்று அம்மா போட்ட அதட்டலில் ஒருத்தி கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டாள். ஆரம்பத்தில் வரும் பாட்டைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உன் அண்ணன் டெரி நம் கார் ஷெட்டில் கிதாரை வைத்துக்கொண்டு ஓயாமல் வாசிப்பானே, அதே மெட்டு. அவன் போய் இருபத்துமூன்று வருஷம் கழித்து அதை ஊரே முணுமுணுக்கிறது. மளிகைக் கடையில்கூட ஓடுகிறது.

நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில், பாதி வாய் மரத்துப்போனவர்கள்கூட என் மேசை முன்னால் நின்று, "குடுத்து வச்சவங்க நீங்க, அப்படி ஒரு தெருவுல வளந்திருக்கீங்க" என்று குழறுகிறார்கள். அவர்களும் இதே ஊரில், இதே மாதிரித் தெருவில்தான் வளர்ந்தார்கள். ஆமாம், நம் தெருவில் எப்போதடா அவ்வளவு மஞ்சள் வெயில் அடித்தது? அப்பா ஒரு தடவைகூடக் கத்தவில்லையே?

இன்னும் இரண்டு சந்தேகம். கதையில் அம்மா அப்பா இருக்கிறார்கள், நான் இருக்கிறேன், கதாநாயகன் டெரியேதான், பேர் மட்டும் வேறு. நீ மட்டும் எங்கேயும் இல்லை. ஏன்? அப்புறம், டெரியின் சிநேகிதனாக வரும் பையனுக்கு ரஸ்டி என்று பேர் வைத்திருக்கிறாய். ரஸ் ஹலாஸ் இன்னும் நமக்கு மூன்று தெரு தள்ளித்தான் குடியிருக்கிறான். அவன் டிவி பார்க்க மாட்டான் என்று நினைத்தாயா?

போனில் கேட்டால் நீ சிரிக்க வைத்துப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் காகிதம். பதிலும் காகிதத்திலேயே வரட்டும்.

உன் அக்கா,
லோரெட்டா


பர்பாங்க், கலிஃபோர்னியா
11 அக்டோபர் 2002

அன்புள்ள லோ,

நான் நன்றாக இருக்கிறேன். தொப்பியும் போடுகிறேன். வால்ட்டின் முழங்காலுக்கு இங்கே ஒரு களிம்பு கிடைக்கிறது, தனியாக அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு என் முத்தம் கொடு.

உன் கடிதத்தை எழுத்தாளர்கள் அறையில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் கிழவிகளை அப்படியே ஒரு பகுதியில் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள்!

வெயிலைப் பற்றிக் கேட்டாய். நினைவில் எல்லாத் தெருவிலும் வெயில் அடிக்கும், லோ. எல்லாரும் கொஞ்ச நேரம் பதினேழு வயசாக இருந்துவிட்டுப் போகட்டுமே. 'தெருவிளக்கு எரியும் வரை வெளியே இருக்கலாம்' என்று அம்மா சொன்னது தொடருக்குத் தலைப்பாகும் என்று அவளே நினைத்திருப்பாளா? நான் ஏன் கதையில் இல்லை என்றால், கேமராதான் நான். சின்னவன் எப்போதும் மூலையில் நின்று வேடிக்கை பார்ப்பவன்தானே?

ரஸ்டி என்பது வெறும் பேர். செம்பட்டை முடிக்காரப் பையனுக்குப் பொருத்தமாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

ஒரு உதவி. டெரியும் அவன் கூட்டாளிகளும் கார் ஷெட்டில் பதிவு செய்த கேசட்டுகள் உன் பரணில் ஒரு பெட்டியில் இருக்கும். அதை அனுப்பிவைப்பாயா? இன்னும் இரண்டு மெட்டு தேவைப்படுகிறது.

அன்புடன்,
கிளெம்


ஆல்டன் ஹைட்ஸ்
3 நவம்பர் 2002

அன்புள்ள கிளெம்,

களிம்பு வந்தது. வால்ட் தடவிக்கொண்டு வீடு முழுக்கப் புதினா வாசனையோடு திரிகிறான். மற்றபடி சுகம். அம்மாவுக்குச் சளி, பெரிதாக ஒன்றும் இல்லை. நீ சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

நீ 'லோ' என்று ஆரம்பித்தாலே ஏதோ கேட்கப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். பத்து வயசிலிருந்து அப்படித்தான். பெட்டி பரணில் இருக்கிறது. இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும்.

இங்கே கூத்து தொடங்கிவிட்டது. சனிக்கிழமையானால் வெளியூர்க் கார்கள் வருகின்றன. நம் பழைய வீட்டின் முன்னால் நின்று படம் பிடிக்கிறார்கள். இப்போது அங்கே குடியிருக்கும் பெண், "எங்க வீட்டுல சாக்கடை அடைச்சிருக்கு, அதையும் படம் புடிங்க" என்று கத்தினாளாம். அதைக் கேட்டு நானும் சிரித்தேன். ஆனால் போன வாரம் இரண்டு பேர் ரஸ் வீட்டுக் கதவையே தட்டி, "நீங்கதான அந்த ரஸ்டி?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அவன் வீடுகளுக்குச் சூடேற்றும் உலைகளைப் பழுதுபார்ப்பவன் என்பது உனக்குத் தெரியும். குளிர்காலம்தான் அவனுக்கு வேலை. நேற்று என் மேசைக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். "அவன வீட்டுக்குள்ள விட எனக்கு இனிமே மனசு வராதும்மா. அந்தப் பையன் விழுந்து கெடக்கப்போ விட்டுட்டு ஓடுனவன்தான?" அப்போது பேசிப்பேசி ஓய்ந்த பேச்சு. திறந்தவெளித் திரையரங்கின் திரைக் கோபுரத்தில் டெரியை ஏறவிட்டு, விழுந்ததும் ரஸ் ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. போலீஸ் கேட்டு, ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டது. ஊர் விடவில்லை. நானும் நம்பினேன், பொய் சொல்வானேன். இருந்தாலும் அது அடங்கிப்போயிருந்தது.

நேராகக் கேட்கிறேன். உன் கதையில் ரஸ்டி அதைச் செய்யப்போகிறானா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று சொல்.

லோரெட்டா


பர்பாங்க்
13 நவம்பர் 2002

அன்புள்ள லோரெட்டா,

அம்மாவின் சளி எப்படி இருக்கிறது? இஞ்சி போட்ட தேநீர் கொடுக்கச் சொல். நான் நலம். வேலை தலைக்கு மேல் போகிறது.

நன்றி தெரிவிக்கும் நாளுக்கு வர முடியாது போலிருக்கிறது. நீங்கள் இல்லாமல் வான்கோழி தொண்டையில் இறங்காது, என்ன செய்ய! 21ஆம் தேதிப் பகுதியைப் பற்றி இங்கே எல்லாரும் பெரிதாகப் பேசுகிறார்கள். அம்மாவை மட்டும் அதைத் தனியாகப் பார்க்க விடாதே. பக்கத்தில் இரு.

இது கற்பனை, லோரெட்டா. கற்பனைக்கும் ஊர்வம்புக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்? ரஸ்ஸுக்கு ஏதாவது இடைஞ்சல் என்றால் வருந்துகிறேன். கொஞ்ச நாளில் எல்லாரும் வேறு தொடருக்குப் போய்விடுவார்கள்.

கேசட்டுகளை மறக்காதே.

கிளெம்


ஆல்டன் ஹைட்ஸ்
24 நவம்பர் 2002

கிளெம்,

எல்லாரும் உடம்பளவில் சௌக்கியம்.

வியாழக்கிழமை பார்த்தோம். அம்மா அழவில்லை. படம் முடிந்ததும், "நாஞ் சொல்லல? அந்த ஹலாஸ் பயதான்" என்று கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். கிழவிகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் வீட்டுக்கு வந்து வால்ட் பதிவு செய்துவைத்த நாடாவை மூன்று தடவை ஓட்டினேன். காரில் உட்கார்ந்தே படம் பார்க்கும் அந்தத் திறந்தவெளித் திரையரங்கை அப்படியே கட்டியிருக்கிறாய். திரைக்குப் பின்னால் இரும்பு ஏணி, கீழே சரளைக்கல், சாயங்காலம் ஆபரேட்டர் வரும்வரை ஆள் நடமாட்டம் கிடையாது. எல்லாம் சரி. அவை ஊருக்கே தெரியும்.

ஆனால் ரேடியோ?

உன் கதையில் கோபுரத்தின் காலடியில், சரளைக்கல்லில் ஒரு சின்ன ரேடியோ பேஸ்பால் வர்ணனை பாடிக்கொண்டிருக்கிறது. ஏரியல் உடைந்து, அதற்குப் பதில் சட்டை மாட்டும் கம்பியைச் செருகியிருக்கிறது. பையன் விழுகிறான். ரஸ்டி ரேடியோவை எடுத்துக்கொண்டு ஓடுகிறான்.

அது டெரியின் ரேடியோ. அன்று மத்தியானம் ஒரு மணிக்கு அது அவன் சைக்கிள் கைப்பிடியில் தொங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். வாசலில் நின்று, "வரும்போது பால் வாங்கிட்டு வாடா" என்று கத்தினேன். அப்பாவோடு போலீஸுக்குப் போய் அவன் சாமான்களைக் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் நான்தான். பெல்ட், கைக்கடிகாரம், ஒரு சாவி. ரேடியோ இல்லை. இரண்டு நாள் கழித்து அது உன் கட்டிலுக்கு அடியில் இருந்தது. கேட்டேன். "காலைல டெரிதான் குடுத்தான்" என்றாய். பத்தொன்பது வயசு எனக்கு, அழுது அழுது கண் வீங்கியிருந்தது, நான் மணியைக் கூட்டிப் பார்க்கவில்லை.

இப்போது கூட்டிப் பார்க்கிறேன். நீ அங்கே இருந்தாயா?

லோரெட்டா


பர்பாங்க்
19 டிசம்பர் 2002

அன்புள்ள அக்கா, அன்புள்ள வால்ட்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நான் நலம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். படப்பிடிப்பு நாட்கள் மாறிக்கொண்டே இருந்தன. இங்கே மழை. இந்த ஊரில் மழை பெய்தால் கார் ஓட்டவே எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

பழக்கூடை வந்து சேர்ந்திருக்கும். அதில் இருக்கும் பேரிக்காய் விசேஷமானது, வால்ட்டுக்குப் பிடிக்கும். அம்மா இருக்கும் இல்லத்துக் கூடத்துக்குப் பெரிய டிவி ஒன்று ஏற்பாடு செய்திருக்கிறேன். பண்டிகைக்கு முன்னால் வந்துவிடும். அம்மா கொழுக்கட்டை பிடிக்கிறாளா இந்த வருஷமும்? உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்தது எனக்கு இங்கே எங்கேயும் அந்த ருசியில் கிடைப்பதில்லை.

எழுதுகிறவன் இல்லாததையும் இருந்ததாகப் பார்க்கிறான். என் பிழைப்பே அதுதான், லோரெட்டா. ஒரு ரேடியோவில் இவ்வளவு தேடாதே.

பண்டிகையில் எல்லாரையும் நினைத்துக்கொள்வேன்.

கிளெம்


ஆல்டன் ஹைட்ஸ்
12 ஜனவரி 2003

கிளெம்,

புது வருஷம் உனக்கு நன்மை செய்யட்டும். இங்கே நேற்று முட்டளவு பனி. வால்ட் சுகம். பேரிக்காயை நான் தொடவில்லை.

நீ பழத்தைப் பற்றி எழுதினாய், மழையைப் பற்றி எழுதினாய், கொழுக்கட்டையைப் பற்றி எழுதினாய். 'நான் அங்கே இல்லை' என்று மட்டும் எழுதவில்லை. மூன்றே வார்த்தை. பொய்யாகக்கூட எழுத வரவில்லையா?

நேற்றுக் காலை ரஸ் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்ததும், "படம் புடிக்க வந்தியா?" என்றான்.

"இல்ல ரஸ். ஒண்ணு கேக்கணும்."

"உங்க குடும்பத்துல ஆரம்பிச்சா ஒண்ணோட நிக்காதே." ஆனாலும் உள்ளே விட்டான். மேசை மேல் தட்டுமுட்டுக் கருவிகள். வேலைக்குப் போகாமல் எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டு அடுக்கி வைத்திருந்தான். இந்தக் குளிரில் அவன் வீட்டில் இருக்கிறான் என்றால் அதன் அர்த்தம் உனக்குப் புரியும்.

அன்னிக்கு நீ எங்கே இருந்தே என்று கேட்டேன். இருபத்துமூன்று வருஷத்தில் நான் அவனைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"எங்கப்பாவோட பெட்ரோல் பங்குல. அந்தத் தியேட்டர் ரோட்டு மேலதான இருந்துச்சு. மத்தியானம் ஒரு மணிக்கு ரெண்டு சைக்கிள் போச்சு. டெரி எனக்குக் கை காட்டுனான். பின்னால கிளெம். மூணு மணி இருக்கும், ஒரு சைக்கிள் திரும்பி வந்துச்சு. கிளெம் மட்டும். கூப்புட்டேன், நிக்கல."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னனே. பொதச்ச அன்னிக்கு உங்க வீட்டு சமையல்கட்டுல, உங்கம்மாகிட்ட. 'மிஸஸ் வொய்னார், ரெண்டு சைக்கிள்'னு ஆரம்பிச்சேன். முடிக்கல. பளார்னு ஒண்ணு விட்டாங்க. பதினேழு வயசு, லோரெட்டா. காது ரெண்டு நாள் கேக்கல. மறுநாள் ஊர் பூரா நான்தான் ஓடுனவன்."

"போலீஸ்ல?"

"நான் பங்குல இருந்தேன்னு எங்கப்பா சொன்னாரு. பெத்த அப்பன் வேறென்ன சொல்வான்னு ஊரு சிரிச்சுது. கிளெமப் பத்தி நான் வாயத் தொறக்கல. பதினாலு வயசுப் பய. அவனே வந்து சொல்லுவான்னு இருந்தேன்." அப்புறம் மேசையைத் துடைத்துக்கொண்டே, "பாட்டு நல்லா வந்திருக்கு. அந்த ரெண்டாவது அடி நான் போட்டது" என்றான்.

ஆபரேட்டர் வந்து பார்க்கும்போது மணி ஐந்தரை. டெரிக்கு அப்போதும் மூச்சு இருந்தது. 'கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால்' என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அன்று மூன்றரை மணிக்கு நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாய். ஏதோ நகைச்சுவைத் தொடர். பெட்டிக்குள் ஆட்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். நான் உனக்கு ஒரு சாண்ட்விச் கொண்டுவந்து கொடுத்து, டெரி எங்கே என்றேன். "தெரியாது" என்றாய். முழுவதையும் சாப்பிட்டாய்.

நீ செய்ததை எடுத்து ரஸ் தலையில் இரண்டாவது தடவை ஏற்றியிருக்கிறாய். இந்தத் தடவை நாடு முழுக்கப் பார்க்க.

எழுது.

லோரெட்டா


பர்பாங்க்
23 பிப்ரவரி 2003

அன்புள்ள லோரெட்டா,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலமா என்று தெரியவில்லை. ஆறு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

இருந்தேன்.

அவன்தான் என்னைத் தெருமுனையில் காத்திருக்கச் சொல்லிக் கூட்டிப்போனான். மேலேயிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும், ஒவ்வொரு கூரையும் ஒரே மாதிரி, நம் வீட்டை நம்மாலேயே கண்டுபிடிக்க முடியாது என்றான். ஏணி முடியும் இடம் வரை ஏறினான். அங்கேயே நின்றான். வெயில் அவன் தோளில் தேன் மாதிரி வழிந்தது. நான் கீழேயிருந்து, "அவ்ளோதானா? கிதார் தட்டுறவனுக்கு வேறென்ன வரும்?" என்று கத்தினேன். அவன் சிரித்தான். ஏணிக்கு மேலே இருந்த சட்டத்தைப் பிடித்தான். அது துருப்பிடித்திருந்தது.

விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. ரேடியோ அதைவிடச் சத்தமாக இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கண்ணைத் திறந்தான். "அம்மாகிட்ட சொல்லிடாத. இப்ப எந்திரிச்சிடுவேன்" என்றான். நான் அவனை நம்பினேன், லோரெட்டா. அண்ணன் சொன்னால் நம்பாமல் இருப்பேனா? எழுந்து பின்னாலேயே வந்துவிடுவான் என்று சைக்கிளை எடுத்தேன். தெருவிளக்கு எரிவதற்குள் வந்துவிடுவான் என்று டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஜன்னலைப் பார்த்தேன். அன்றைக்கு எரிந்த விளக்கை இன்று வரைக்கும் யாரும் அணைக்கவில்லை.

ரஸ்ஸைப் பழி சொன்னது நான் இல்லை. நான் சொல்லும் முன்னாலேயே அம்மா சொல்லிவிட்டாள். நான் செய்ததெல்லாம் பேசாமல் இருந்ததுதான். கதை எழுத உட்கார்ந்தபோது ஓடுகிற பையனுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. என் முகத்தை வைக்கக் கை வரவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் செய். அம்மாவிடம் மட்டும் சொல்லாதே. எழுபத்தெட்டு வயசு. தாங்கமாட்டாள்.

உன் தம்பி,
கிளெம்


ஆல்டன் ஹைட்ஸ்
16 மார்ச் 2003

கிளெம்,

வால்ட் சுகம், நான் சுகம். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாவது தடவை எனக்குச் சந்தேகம் வந்தது. தோளில் தேன் மாதிரி வெயில். அணையாத விளக்கு. எந்த இடத்தில் நான் அழ வேண்டுமோ அந்த இடத்தில் சரியாக அழவைத்தாய். அது உன் தொழில். அதனால் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. 'அம்மாகிட்ட சொல்லிடாத' என்று டெரி சொன்னானா, இல்லை அவனுக்கு நீ எழுதிக்கொடுத்த வசனமா?

அம்மாவிடம் சொல்லாதே என்று நீ கேட்டாய். நான் போன சனிக்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். கதவைச் சாத்திவிட்டு முதல் வரியை வாசித்தேன். கையை நீட்டித் தடுத்தாள்.

"வாசிக்காத. எனக்குத் தெரியும்."

"எவ்வளவு நாளா?"

"அந்த ஹலாஸ் பய வாயத் தொறந்த அன்னிலேர்ந்து."

"தெரிஞ்சேவா அவன அடிச்ச? தெரிஞ்சேவா ஊர் பூரா சொன்ன?"

"ரெண்டு பயலுவள்ல ஒருத்தன மண்ணுல வச்சிட்டு வந்து நிக்கேன். இன்னொருத்தன நானே புடிச்சுக் குடுக்கணுமா?"

"அதுக்கு இன்னொருத்தி பெத்த புள்ளயா?"

"அவனப் பாத்துக்க அவங்கம்மா இருந்தா" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் கிளம்பி வந்துவிட்டேன். இந்தக் குடும்பத்தில் பால் வாங்கிவரச் சொன்னவள் ஒருத்திக்குத்தான் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறது.

நாலு நாள் கழித்து அவளே போன் செய்தாள். "கார எடுத்துட்டு வா. கோட்டு போட்டு உக்காந்திருக்கேன்."

எங்கே என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரஸ் வீட்டு வாசலில் நிறுத்தினேன். தூறிக்கொண்டிருந்தது. இறங்க அவளால் முடியவில்லை, அல்லது இறங்கவில்லை. நான் போய் ரஸ்ஸைக் கூப்பிட்டேன். யார் வந்திருக்கிறார்கள் என்றதும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். அப்புறம் தொப்பிகூட இல்லாமல் வந்தான். அம்மா கண்ணாடியை இறக்கினாள்.

"அன்னிக்கு நீ பாதிதான் சொன்ன. மிச்சத்தச் சொல்லு."

ரஸ் பின்னால் ஓர் அடி வைத்தான். திரும்பிப் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. "ரெண்டு சைக்கிள் போச்சு, மிஸஸ் வொய்னார். ஒண்ணுதான் திரும்பி வந்துச்சு. சின்னவன் அழுதுகிட்டே போனான். எனக்கு எதோ தப்பாப் பட்டுச்சு. போய்ப் பாக்கணும்னு நினைச்சேன். பங்குல ரெண்டு வண்டி நின்னுச்சு, போகல. அத உங்ககிட்ட சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன். போகாம விட்டதுக்கு மன்னிப்புக் கேக்க."

கேட்டாயா கிளெம்? அவன் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான்.

அம்மா கையுறையைக் கழற்றினாள். வெறும் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். தொடவில்லை. "நனையுது. உள்ள வையுங்க" என்று மட்டும் சொன்னான். அவள் உள்ளே வைக்கும்வரை நின்றுவிட்டுப் போனான்.

திரும்பி வரும்போது அம்மா சொன்னது இது. "அவன வரச் சொல்லு. எழுத வேணாம்னு சொல்லு. வரச் சொல்லு."

நானும் அதையேதான் சொல்கிறேன். இதையும் ஒரு பகுதியாக்கிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. தூறல், கார், கிழவியின் கை. உன் அறையில் எல்லாரும் கைதட்டுவார்கள். அதனால்தான் கேசட் பெட்டியை ரஸ்ஸிடம் கொடுத்துவிட்டேன். அதில் பாதி அவனுடையது.

லோரெட்டா


பர்பாங்க்
6 ஏப்ரல் 2003

லோரெட்டா,

எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். சுருக்கமாக எழுதுகிறேன். நீட்டினால் நீ நம்பமாட்டாய்.

டெரி அப்படிச் சொன்னானா என்று கேட்டாய். தெரியவில்லை. இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிச் சொல்லி, அது அவன் குரலா என் குரலா என்று பிரிக்க முடியவில்லை. கண்ணைத் திறந்தது நிஜம். உதடு அசைந்தது நிஜம். அவன் ஒன்றும் சொல்லாவிட்டாலும் நான் ஓடியிருப்பேன். அவ்வளவுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

கடைசி மூன்று பகுதிகளை முன்பே எடுத்து முடித்துவிட்டார்கள். ரஸ்டியை மாற்ற முடியாது என்கிறார்கள். அடுத்த வருஷத்துக்கு நான் எழுதவில்லை என்று சொல்லிவிட்டேன். ஊர் வாரப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். வியாழக்கிழமை போடுவார்கள். அதில் இருப்பது இவ்வளவுதான்:

'1979 ஆகஸ்ட் 18 அன்று டெரன்ஸ் வொய்னாருடன் திரைக் கோபுரத்துக்குப் போனவன் அவன் தம்பியாகிய நான். அவன் விழுந்ததும் யாரிடமும் சொல்லாமல் ஓடியவன் நான். ரஸ் ஹலாஸ் அங்கே இல்லை. இருபத்துமூன்று வருஷம் இதை மறைத்தேன். தொலைக்காட்சித் தொடரிலும் பொய் எழுதினேன். கிளெமெண்ட் வொய்னார்.'

சனிக்கிழமை வருகிறேன். அழைத்துப்போக வர வேண்டாம். முதலில் அம்மா. மறுநாள் ரஸ்.

நேற்று அவனுக்குப் போன் செய்தேன். பேர் சொன்னதும் வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"ஞாயித்துக்கெழம வரலாமா, ரஸ்?"

"வந்து?"

"தெரியல."

"எனக்கும் தெரியல. நீ வந்தா நான் என்ன சொல்லுவேன், என்ன பண்ணுவேன், ஒண்ணும் தெரியல" என்றான். அப்புறம், "கதவத் தொறப்பேன். அத மட்டும் இப்பவே சொல்லலாம்" என்றான்.

கிளெம்